முதலில் படிக்கப் பழகுங்கள்: ஜாவாவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கல்லூரியில் ஜாவா படித்துத் தேறி வேலைக்கு வரும் பிள்ளைகளோடு பல வருடங்களாகப் பழகி வருகிறேன். என்காப்சுலேஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்ஃபிசம், அப்ஸ்ட்ராக்‌ஷன் என்று நான்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். அதே பிள்ளைகள், திரையில் சிவப்பாகப் பத்து வரி வந்துவிட்டால் ஒரு வரியைக்கூடப் படிக்காமல் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அறிவில் குறை ஒன்றுமில்லை. எழுதச் சொல்லிக்கொடுத்த அளவுக்கு யாரும் அவர்களுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் உருவாக்கிய ஜாவா 1995இல் வெளியானது. அன்றிலிருந்து எழுதிக் குவித்த நிரல்கள் வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வேலையில் சேர்ந்தால் நீங்கள் புதிதாக எழுதப்போவது கொஞ்சம். யாரோ எழுதியதைப் படித்துத் திருத்தப்போவதுதான் மிகுதி. கீழே உள்ளவற்றை அந்த எண்ணத்தோடு படியுங்கள்.

1. முதல் சில நாட்கள் நோட்பேடும் டெர்மினலும் போதும்.

ஜே.டி.கே.வை நிறுவுங்கள். எந்தப் பதிப்பு என்று குழம்ப வேண்டாம். 8, 11, 17, 21, 25 ஆகியவை நீண்டகால ஆதரவு பெற்ற பதிப்புகள். அலுவலகத்தில் எது ஓடுகிறதோ அதையே உங்கள் லேப்டாப்பிலும் வையுங்கள். தனியாகப் படிப்பவர்கள் 21 அல்லது 25இல் தொடங்கலாம்.

நோட்பேடில் ஒரு சின்ன கிளாஸ் எழுதுங்கள். டெர்மினலைத் திறந்து ஜாவாசி கட்டளையால் நீங்களே கம்பைல் செய்யுங்கள். அதே ஃபோல்டரில் 'டாட் கிளாஸ்' என்று முடியும் இன்னொரு ஃபைல் வந்திருக்கும். அதில் இருப்பது பைட்கோட். விண்டோஸ், லினக்ஸ், மேக் எதுவானாலும் அந்த ஒரே ஃபைல் ஓடும், ஏனென்றால் அந்தந்தக் கணினிக்கு ஏற்ப அதை இயக்கும் பொறுப்பு ஜே.வி.எம்.முடையது. அந்த ஃபைலை ஹெக்ஸ் வியூவரில் திறந்தால் முதல் நான்கு பைட்டுகள் 'கஃபே பேப்' என்று வாசிக்கும்படி இருக்கும். உலகில் உள்ள எல்லா ஜாவா கிளாஸ் ஃபைல்களுக்கும் அதுதான் அடையாள முத்திரை.

இதையெல்லாம் கையால் செய்து பார்த்தவருக்குப் பின்னால் வரும் பாதி எரர்கள் பயம் காட்டாது. பப்ளிக் கிளாஸின் பெயரும் ஃபைலின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பேக்கேஜ் பெயரும் ஃபோல்டர் அமைப்பும் ஒத்துப்போக வேண்டும். கிளாஸ்பாத் என்பது ஜே.வி.எம். எந்தெந்த இடத்தில் போய்க் கிளாஸ்களைத் தேடும் என்ற பட்டியல். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால், 'மெயின் கிளாஸைக் காணோம்' என்று எரர் வரும்போது எங்கே பார்க்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். இன்னொன்றையும் பழக்கமாக்குங்கள். ஏதாவது விசித்திரமாக நடந்தால் ஜாவா, ஜாவாசி இரண்டின் பதிப்பு எண்களையும் டெர்மினலில் கேட்டுப் பாருங்கள். ஒன்று 21ஆகவும் மற்றொன்று 8ஆகவும் இருக்கும் கணினிகள் நிறைய உண்டு.

பிறகு இன்டெல்லிஜேயோ எக்லிப்ஸோ திறந்துகொள்ளுங்கள். அவை அருமையான கருவிகள். பச்சை பட்டனை அழுத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு அழுத்துங்கள்.

2. சிவப்பு எழுத்தை முழுதாகப் படியுங்கள்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

கம்பைலர் நாற்பது எரர் காட்டினாலும் முதல் எரரை மட்டும் சரிசெய்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். ஓர் அடைப்புக்குறி விடுபட்டால் அதற்குக் கீழே உள்ள எல்லாமே தப்பாகத் தெரியும். அந்த ஒன்றைப் போட்டதும் முப்பத்தொன்பது காணாமல் போகும். 'சிம்பலைக் காணோம்' என்ற எரருக்குக் கீழே இரண்டு வரிகள் உண்டு. எந்தப் பெயர், எந்த கிளாஸுக்குள் என்று அவை சொல்லும். அந்த இரண்டு வரியை யாரும் படிப்பதில்லை. எழுத்துப்பிழையா, இம்போர்ட் விடுபட்டதா, வேறு கிளாஸில் இருக்கும் மெத்தடை இங்கே தேடுகிறோமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நிரல் ஓடும்போது வரும் ஸ்டாக் ட்ரேஸைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. முதல் வரியில் எக்ஸெப்ஷனின் வகையும் செய்தியும் இருக்கும். அதற்குக் கீழே 'அட்' என்று தொடங்கும் வரிகள். ஒவ்வொன்றிலும் கிளாஸ், மெத்தட், ஃபைல், வரி எண். மேலே இருப்பது கடைசியாக ஓடிய மெத்தட். கீழே போகப் போக அதை யார் அழைத்தார், அவரை யார் அழைத்தார் என்று போகும். ஸ்பிரிங் போன்ற ஃபிரேம்வொர்க் உள்ள இடத்தில் இது நூறு வரியைத் தாண்டும். மலைக்க வேண்டாம். மேலிருந்து இறங்கி வந்து, உங்கள் நிறுவனத்தின் பேக்கேஜ் பெயரோடு தொடங்கும் முதல் வரியில் நில்லுங்கள். பெரும்பாலும் விஷயம் அங்கேதான் இருக்கும். 'காஸ்டு பை' என்று நடுவில் வந்தால், அப்படி வருபவற்றில் கடைசி எதுவோ அதுவே மூல காரணம். அதற்கு மேலே உள்ளவை அந்தக் காரணத்தைச் சுற்றிக் கட்டிய உறைகள்.

நல் பாயின்ட்டர் எக்ஸெப்ஷன் முன்பெல்லாம் வரி எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நின்றுகொள்ளும். ஒரே வரியில் நான்கு மெத்தட்களைப் புள்ளி வைத்து அடுக்கியிருந்தால், அவற்றில் எது நல் என்று ஊகிக்க வேண்டியிருந்தது. ஜாவா 15 தொடங்கி, எந்த மெத்தட் திருப்பித் தந்த மதிப்பு நல் என்று அது வாக்கியமாகவே சொல்கிறது. ஜே.வி.எம். எழுதியவர்கள் உங்களுக்காக மெனக்கெட்டுச் சேர்த்த வசதி இது. படிக்காமல் மூடுவது நியாயமில்லை.

3. நல் என்பதை நீங்களாக உற்பத்தி செய்யாதீர்கள்.

1965இல் அல்கால் டபிள்யூ மொழிக்காக இந்த நல் ரெஃபரன்ஸைக் கொண்டுவந்தவர் டோனி ஹோர். 2009இல் அவரே அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்று சொன்னார். ஜாவாவில் அதை ஒழிக்க முடியாது, ஆனால் குறைக்கலாம். பட்டியல் தர வேண்டிய மெத்தடில் தருவதற்கு ஒன்றும் இல்லையென்றால் காலிப் பட்டியலைத் தாருங்கள், நல் தராதீர்கள். தேடிக் கிடைக்காமல் போகக்கூடிய ஒன்றுக்கு ஜாவா 8இல் வந்த ஆப்ஷனல் இருக்கிறது.

4. வேரியபிளில் இருப்பது ஆப்ஜெக்ட் அல்ல, ஆப்ஜெக்ட் இருக்கும் இடம்.

இது பிடிபடாமல் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் என்று எதைப் படித்தாலும் மேலோடு போய்விடும். ஒரு பட்டியலை 'அ' என்ற வேரியபிளில் வைத்து, 'ஆ' என்ற வேரியபிளுக்கு 'அ'வை ஒதுக்கினால் இரண்டு பட்டியல் உண்டாகாது. ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர். 'ஆ' வழியாக ஒன்றைச் சேர்த்தால் 'அ'விலும் அது தெரியும். தாளில் பெட்டி போட்டு அம்புக்குறி வரைந்து பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், அனுபவசாலிகளும் வரைகிறார்கள்.

இதிலிருந்து அடுத்தது வரும். இரட்டைச் சமக்குறி, இரண்டு அம்புகளும் ஒரே ஆப்ஜெக்டைக் காட்டுகின்றனவா என்று கேட்கும். உள்ளே இருக்கும் மதிப்பு ஒன்றா என்று கேட்பது ஈக்வல்ஸ் மெத்தட். ஸ்ட்ரிங்கை ஒப்பிட ஈக்வல்ஸ் என்று எல்லாரும் சொல்லித் தருவார்கள். இன்டிஜர் கிளாஸில் இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று இருக்கிறது. இரண்டு இன்டிஜர் வேரியபிள்களில் தனித்தனியே 127 போட்டு இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடுங்கள்: ட்ரூ வரும். இரண்டிலும் 128 போட்டு ஒப்பிடுங்கள்: ஃபால்ஸ். காரணம், -128 முதல் 127 வரையிலான இன்டிஜர் ஆப்ஜெக்டுகளை ஜாவா முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே தருகிறது. 128க்கு வழக்கமாகப் புதிய ஆப்ஜெக்ட் பிறக்கும். சோதனையில் சின்ன எண்களைப் போட்டுப் பார்த்து, 'சரியாக ஓடுகிறது' என்று அனுப்பிவிடுவார்கள். வாடிக்கையாளரின் எண் 127ஐத் தாண்டும் நாளில் உடையும்.

உங்கள் கிளாஸுக்கு ஈக்வல்ஸ் எழுதினால் ஹேஷ்கோடும் சேர்த்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஹேஷ்மேப்பில் போட்டது உள்ளேயே இருக்கும், தேடினால் கிடைக்காது. மதிப்புகளை மட்டும் சுமக்கும் சின்ன கிளாஸ் என்றால் ஜாவா 16இல் நிலைபெற்ற ரெக்கார்டைப் பயன்படுத்துங்கள். இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

5. ஃபீல்டுகளைப் பூட்டி வையுங்கள். விதி ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும்.

பழகுவதற்கு மிருகம், நாய், பூனை என்று கிளாஸ் எழுதுவதைவிட, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த கணக்கு ஒன்றை எடுங்கள். ஏலச்சீட்டை எடுத்துக்கொள்வோம். 20 பேர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. ஒருவர் 15,000 தள்ளி எடுக்கிறார். நடத்துபவரின் கமிஷன் போக மீதி 20 பேருக்கும் சமமாகப் பிரியும்.

1982ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட்ஸ் சட்டப்படி நடத்துபவர் எடுக்கக்கூடிய கமிஷன் முதலில் அதிகபட்சம் சீட்டுத் தொகையில் 5 சதவீதமாக இருந்தது. அந்தக் கணக்கில் 10,000 மிஞ்சி, ஆளுக்கு 500 ரூபாய் கழிவு வரும். 2019இல் சட்டத்தைத் திருத்தி உச்சவரம்பை 7 சதவீதம் ஆக்கினார்கள். முழு 7 சதவீதமும் எடுத்தால் மிச்சம் 8,000, ஆளுக்கு 400. இப்போது உங்கள் நிரலைப் பாருங்கள். 5 என்ற எண் ரசீது அச்சிடும் கிளாஸில் ஒருமுறை, மாதக் கணக்கில் ஒருமுறை, குறுஞ்செய்தி அனுப்புவதில் ஒருமுறை என்று சிதறிக் கிடந்தால், ஒன்றை மாற்றி ஒன்றை விட்டுவிடுவீர்கள். ரசீதில் 400, குறுஞ்செய்தியில் 500. உறுப்பினர் வந்து கேட்பார். என்காப்சுலேஷன் என்று தேர்வில் எழுதியது இதைத் தடுப்பதற்காகத்தான். கமிஷனைக் கணக்கிடும் மெத்தட் சீட்டு கிளாஸுக்குள் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். மற்றவர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

எல்லா ஃபீல்டையும் பிரைவேட் ஆக்கிவிட்டு, எடிட்டரின் மெனுவை அழுத்தி எல்லாவற்றுக்கும் கெட்டர், செட்டர் போட்டுவிட்டால் பூட்டு போட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டதாகும். யார் வேண்டுமானாலும் சீட்டின் மீதித் தொகையைச் 'செட்' செய்ய முடியும் என்றால் அந்த கிளாஸ் எதையும் காக்கவில்லை. 'ஏலம் முடிந்தது', 'தவணை கட்டினார்' என்று நடப்புக்குப் பெயர் வைத்த மெத்தட்களை எழுதுங்கள். மீதித் தொகை அவற்றின் விளைவாக மட்டும் மாறட்டும்.

6. இன்ஹெரிட்டன்ஸைக் கடைசியாகக் கையில் எடுங்கள்.

கிளாஸ், ஆப்ஜெக்ட், ஒன்றிலிருந்து ஒன்றைப் பெறுவது ஆகியவை நார்வேயின் ஆஸ்லோவில் ஓலே-யோஹான் டால், கிரிஸ்டன் நீகார்ட் இருவரும் செய்த சிமுலா 67 மொழியில் வந்தவை. பெரிய சிந்தனை. ஆனால் பாடப்புத்தகங்கள் அதற்கு இருபது பக்கம் ஒதுக்குவதால், புதியவர்கள் எதைக் கண்டாலும் எக்ஸ்டெண்ட்ஸ் போடுகிறார்கள்.

ஜாவாவின் சொந்த லைப்ரரியிலேயே பாருங்கள். ஸ்டாக் என்றால் மேலே வைத்து மேலிருந்தே எடுப்பது. முதல் பதிப்பிலேயே அதை வெக்டர் கிளாஸிலிருந்து எக்ஸ்டெண்ட் செய்துவிட்டார்கள். விளைவு, வெக்டரின் எல்லா மெத்தட்களும் ஸ்டாக்குக்கும் வந்துவிட்டன. நடுவில் ஒன்றைச் செருகலாம், அடியிலிருந்து உருவலாம். அப்படிச் செய்தால் அது ஸ்டாக்காக இல்லை, ஆனால் கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. பழைய நிரல்கள் உடைந்துவிடும் என்பதால் இன்றுவரை அதைத் திருத்த முடியவில்லை. டெக் இன்டர்ஃபேஸைப் பயன்படுத்துங்கள் என்று ஜாவாவின் ஆவணமே அறிவுறுத்துகிறது. வெக்டரை உள்ளே ஒரு பிரைவேட் ஃபீல்டாக வைத்து, தேவையான இரண்டு மூன்று மெத்தட்களை மட்டும் வெளியே காட்டியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். உள்ளே வைத்துக்கொள்ள முடியுமா என்று முதலில் பாருங்கள். ஒரே வேலையைப் பலவிதமாகச் செய்ய வேண்டுமென்றால் இன்டர்ஃபேஸ். இரண்டும் ஒத்துவராதபோது எக்ஸ்டெண்ட்ஸ்.

7. எண்களை நம்புவதற்கு முன் அவற்றின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சீட்டுக் கமிஷனுக்கு 7/100 என்று எழுதினால் ஜாவா தருவது 0. இரண்டும் முழு எண்கள் என்பதால் விடையும் முழு எண். அதைத் தவிர்க்க டபுளுக்குப் போனால் 0.1 கூட்டல் 0.2 என்பது 0.30000000000000004 ஆகிறது. பணத்துக்கு டபுள் வேண்டாம். பிக்டெசிமல் கிளாஸைப் பயன்படுத்துங்கள், அதையும் 0.1 என்ற எண்ணிலிருந்து உருவாக்காமல் மேற்கோள் குறிக்குள் ஸ்ட்ரிங்காகக் கொடுத்து உருவாக்குங்கள். 8,000 ரூபாயை 30 பேருக்குப் பிரித்தால் பிக்டெசிமல் எக்ஸெப்ஷன் தரும். முடிவில்லாத தசமத்தை எங்கே நிறுத்துவது, மீதிப் பைசா யாருக்கு என்று நீங்கள் சொல்லவில்லையே என்று அது கேட்கிறது. நல்ல கேள்வி. அதைக் கணக்குப் பிரிவில் போய்க் கேட்டு வந்து எழுதுங்கள்.

பைசாவாக மாற்றி முழு எண்ணில் வைப்பதும் நல்ல வழிதான், ஆனால் லாங்கில் வையுங்கள். இன்ட்டின் உச்சம் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. பைசாவில் அது இரண்டே கால் கோடி ரூபாய்கூட இல்லை. அதைத் தாண்டினால் எரர் வராது; சத்தமில்லாமல் மைனஸுக்குத் திரும்பிவிடும். மேத் கிளாஸில் உள்ள ஆட்எக்ஸாக்ட் மெத்தட் அப்படித் தாண்டும்போது எக்ஸெப்ஷன் தரும்.

இது புதியவர்களுக்கு மட்டும் நேர்வது என்று எண்ண வேண்டாம். ஜாவாவின் அரேஸ் கிளாஸில் இருந்த பைனரி சர்ச் மெத்தடை எழுதியவர் ஜோஷுவா பிளாக், 'எஃபெக்டிவ் ஜாவா' நூலின் ஆசிரியர். நடு இடத்தைக் கண்டுபிடிக்கக் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார். அரேயில் சுமார் 107 கோடி உறுப்புகளுக்கு மேல் இருந்தால் அந்தக் கூட்டல் இன்ட்டைத் தாண்டி மைனஸ் ஆகிவிடும். வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படவில்லை. 2006இல் அவரே அதை விளக்கமாக எழுதி எல்லாருக்கும் தெரிவித்தார்.

8. தமிழ் எழுத்தைக் கையாளத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பயனர்களுக்காக எழுதுபவர்களுக்கு இது அவசியம், பாடத்திட்டத்தில் கிடையாது. 'தமிழ்' என்ற ஸ்ட்ரிங்கின் லெங்த் என்ன? நம் கண்ணுக்கு 3 எழுத்து. ஜாவா 5 என்று சொல்லும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி ஒவ்வொன்றும் யூனிகோடில் தனித்தனி எண். ஸ்ட்ரிங்பில்டரின் ரிவர்ஸைக் கொடுத்துப் பாருங்கள். ஆளில்லாத புள்ளி ஒன்று முன்னால் நிற்கும். பிறகு ழி, ம, த.

விளையாட்டாகத் தோன்றும், ஆனால் இனிஷியலை யோசியுங்கள். கோமதி என்ற பெயரின் முதல் எழுத்தை எடுக்க ஸ்ட்ரிங்கின் முதல் கேரக்டரைக் கேட்டால் 'கோ' வராது, 'க' வரும். ரசீதில் பெயரைப் பத்துக் கேரக்டருக்கு வெட்டினால் கொம்பும் காலும் அறுந்து தொங்கும். எழுத்தின் எல்லையைக் கண்டுபிடிக்க பிரேக்இட்டரேட்டர் என்ற கிளாஸ் இருக்கிறது. இன்னொன்று: ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் வைக்கலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு எண்ணாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். ஈக்வல்ஸ் ஃபால்ஸ் சொல்லும். பட்டியலில் பெயர் இருக்கிறது, தேடினால் இல்லை என்று புகார் வந்தால் இதையும் சந்தேகப்படுங்கள். நார்மலைசர் கிளாஸால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து சேமித்தால் தொல்லை தீரும்.

தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக வந்தால் ஃபைலைப் படிக்கும், எழுதும் இடங்களில் யூ.டி.எஃப்-8 என்று குறிப்பிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஜாவா 18க்கு முன்பு, சொல்லாவிட்டால் அந்தந்தக் கணினியின் வழக்கப்படி நடந்துகொள்ளும். உங்கள் லினக்ஸில் சரியாக வந்தது வாடிக்கையாளரின் விண்டோஸில் கெடும். ஜாவாவில் வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பழகும்போது வைத்துப் பாருங்கள், மனதுக்கு நெருக்கமாக இருக்கும். அலுவலகத்தில் குழுவின் வழக்கமே வழக்கம்.

9. கேட்ச் பிளாக்கைக் காலியாக விடாதீர்கள்.

எரரை விழுங்கினால் நிரல் சரியாக ஓடுவதுபோலத் தெரியும், தவறான கணக்கோடு. என்ன செய்வது என்று தெரியாத இடத்தில் பிடிக்காதீர்கள்; மேலே போகட்டும், தெரிந்தவர் பிடிப்பார்.

10. கருவிகளில் டீபக்கருக்கு முதலிடம் கொடுங்கள்.

சந்தேகம் வந்தால் பத்து இடத்தில் பிரின்ட் வரி போட்டு ஓட்டிப் பார்ப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். சின்ன விஷயத்துக்குச் சரி. ஆனால் சந்தேகமான வரியின் ஓரத்தில் ஒரு பிரேக்பாயின்ட் வைத்து டீபக்கில் ஓட்டினால், நிரல் அங்கேயே நின்று எல்லா வேரியபிளையும் காட்டும். ஒவ்வொரு வரியாக நகர்த்தலாம், மெத்தடுக்குள் நுழையலாம், அழைத்தவரிடம் திரும்பிப் போகலாம். ஐநூறு முறை சுற்றும் லூப்பில் 317ஆவது சுற்றில் மட்டும் தப்பு என்றால், பிரேக்பாயின்ட்டில் வலது கிளிக் செய்து நிபந்தனை கொடுங்கள். அந்தச் சுற்றில் மட்டும் நிற்கும். எரரே வராத நாளில், ஒழுங்காக ஓடும் நிரலையும் இப்படி நடத்திப் பாருங்கள். பிறர் எழுதிய நிரலைப் படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அடுத்த கருவி, டெஸ்ட் எழுத உதவும் ஜேயூனிட். அதை கென்ட் பெக், எரிக் காமா இருவரும் 1997இல் ஒரு விமானப் பயணத்தில் எழுதத் தொடங்கினார்கள். அவ்வளவு சிறியது அதன் சாரம். சீட்டுத் தொகை ஒரு லட்சம், தள்ளுபடி 15,000, கமிஷன் 7 சதவீதம், ஆள் 20 என்று கொடுத்தால் 400 வர வேண்டும்: இதை டெஸ்டாக எழுதி வைத்துவிட்டால், நாளை யார் அந்த கிளாஸைத் தொட்டுக் கெடுத்தாலும் சில நொடியில் தெரிந்துவிடும். எல்லைகளையும் எழுதுங்கள். தள்ளுபடி கமிஷனைவிடக் குறைவாக இருந்தால்? உறுப்பினர் பட்டியல் காலியாக இருந்தால்?

மேவன் அல்லது கிரேடில், இரண்டில் குழு எதைப் பயன்படுத்துகிறதோ அதன் அடிப்படைக் கட்டளைகளை டெர்மினலில் கொடுக்கத் தெரிந்தால் போதும். கிட்டை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள், தனியாகப் படிக்கும்போதும்கூட. கமிட் செய்யும் முன் டிஃப் பார்த்து, மாறிய ஒவ்வொரு வரியும் நீங்கள் தெரிந்தே மாற்றியதா என்று உறுதிசெய்யுங்கள்.

11. நகலெடுத்த நிரலை விளக்கத் தெரியாமல் கமிட் செய்யாதீர்கள்.

இணையத்தில் கிடைத்ததோ, ஏ.ஐ. எழுதிக் கொடுத்ததோ, எதுவானாலும் சரி. ஏ.ஐ. நேர்த்தியான நிரல் எழுதுகிறது. அதனிடம் கேட்பதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் மேலே சொன்ன 128ஐயும் இன்ட்டின் உச்சத்தையும் கோமதியின் இனிஷியலையும் அதன் நிரலிலும் நீங்கள்தான் தேட வேண்டும். நள்ளிரவில் சர்வர் நின்றால் தொலைபேசி உங்களுக்குத்தான் வரும். ஒவ்வொரு வரிக்கும் 'இது ஏன்' என்று உங்களால் சொல்ல முடிந்தால் அது உங்கள் நிரல். படிக்கும் பருவத்தில் முதலில் நீங்கள் எழுதுங்கள், பிறகு அதனிடம் காட்டிக் குறை கேளுங்கள். வரிசையைத் திருப்பினால் கை பழகாது.

12. பெரியவர்களிடம் கேளுங்கள், முழுதாகக் கேளுங்கள்.

'அண்ணா, ஓடமாட்டேங்குது' என்பதில் எனக்கு ஒன்றும் புரியாது. எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, ஸ்டாக் ட்ரேஸ் முழுவதும் எழுத்தாக. கைபேசியில் திரையைப் படமெடுத்து அனுப்ப வேண்டாம், அதில் பாதி வரி வெட்டுப்பட்டிருக்கும். சிக்கலைப் பத்து வரி நிரலாகச் சுருக்கிக்கொண்டு வாருங்கள். சுருக்கும்போதே விடை கிடைத்துவிடுவது வழக்கம். கிடைக்காவிட்டால் தயங்காமல் வாருங்கள். இரண்டு நாள் தனியாகத் தவிப்பதில் பெருமை எதுவும் இல்லை, அக்காமாரும் அண்ணன்மாரும் கேட்டுத்தான் வளர்ந்தார்கள்.

13. லைப்ரரியின் மூலநிரலைத் திறந்து படியுங்கள்.

ஜாவாவை எழுதியவர்கள் எதையும் ஒளித்து வைக்கவில்லை. ஜே.டி.கே.வை நிறுவிய இடத்தில் லிப் என்ற ஃபோல்டரில் பெரும்பாலும் எஸ்.ஆர்.சி. என்ற ஜிப் ஃபைல் இருக்கும். ஸ்ட்ரிங், ஹேஷ்மேப், அரேலிஸ்ட் எல்லாவற்றின் மூலநிரலும் விளக்கக் குறிப்புகளோடு அதில் உண்டு. எடிட்டரில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கிளாஸ் பெயரைக் கிளிக் செய்தாலும் அங்கே போய்விடலாம்.

அரேலிஸ்ட்டில் தொடங்குங்கள். உள்ளே இருப்பது சாதாரண அரேதான் என்று தெரியும். காலியாகப் பிறக்கும் அது முதல் உறுப்பைச் சேர்க்கும்போது 10 இடம் பிடிக்கும். நிறைந்ததும் இருப்பதில் பாதியைச் சேர்த்துப் புதிய அரே செய்து, பழையதை அதில் நகலெடுக்கும். 10, 15, 22, 33 என்று வளர்வதை டீபக்கரில் கண்ணால் பார்க்கலாம். லட்சம் உறுப்புகள் வரும் என்று முன்பே தெரிந்தால் ஏன் அளவைச் சொல்லி உருவாக்க வேண்டும் என்பது அப்போது யாரும் சொல்லாமலே புரியும். ஆட் மெத்தடும் அது அழைக்கும் குரோ மெத்தடும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். இன்று மாலையே திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிடுங்கள்.